எம்35 சரக்குந்தின் ஓட்டுநர் அறை மீளமைப்பு

எம்35 சரக்குந்தின் ஓட்டுநர் அறை மீளமைப்பு என்பது, ஐக்கிய அமெரிக்கத் தரைப்படை பயன்படுத்திய எம்35 வரிசை இரண்டரை டன் சரக்குந்துகளின் ஓட்டுநர் அறையைப் பழுது நீக்கி, அவ்வண்டியின் வரலாற்றில் தேர்ந்தெடுத்த ஒரு காலகட்டத்தின் தோற்றத்துக்கும் பாதுகாப்பாக ஓட்டத்தக்க நிலைக்கும் கொண்டுவரும் பணி ஆகும். தகட்டு வேலை, வண்ணப்பூச்சு, மின்கம்பி வேலை, கருவிப் பலகை சீரமைப்பு, இருக்கை மற்றும் கித்தான் தையல், தகவல் தகடுகளைப் பேணுதல் ஆகியன இப்பணியில் அடங்கும்.

படையில் இருந்து கழிக்கப்பட்ட எம்35 வண்டிகள் ஏராளமாகத் தனியார் கைகளுக்குச் சென்றன. இதனால் தனியார் ஆர்வலர்கள் அதிகம் மீளமைக்கும் படைத்துறைச் சரக்குந்துகளுள் இதுவும் ஒன்றாக உள்ளது. வண்டியின் மற்றப் பகுதிகளைவிட ஓட்டுநர் அறையிலேயே அதன் கடந்தகாலத் தடயங்கள் மிகுதியாக எஞ்சியிருக்கும். கவனமின்றிச் செய்யும் மீளமைப்பில் முதலில் அழிவனவும் அத்தடயங்களே. ஆகவே எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது என்பதை முடிவு செய்வது இப்பணியின் முதன்மையான சிக்கல் ஆகும்.

பின்னணி

இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட ஜிஎம்சி சிசிகேடபிள்யூ சரக்குந்துகளுக்கு மாற்றாக உருவாக்கப்பட்ட வண்டிகளுள் எம்35 ஒன்று. மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகரில் இயங்கிய ரியோ நிறுவனம் இதனை வடிவமைத்தது. 1950இல் பயன்பாட்டுக்கு வந்த இவ்வண்டியைப் பின்னர் ஸ்டூடிபேக்கர், கைசர் ஜீப், ஏஎம் ஜெனரல் முதலிய நிறுவனங்களும் தயாரித்தன. "இரண்டரை டன்" என்பது கரடுமுரடான நிலத்தில் ஏற்றத்தக்க சுமையைக் குறிக்கும் பெயராகும். இது 5,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2,270 கிலோகிராம் ஆகும். நல்ல சாலையில் இதன் இரு மடங்கு சுமையை ஏற்றலாம்.

தொடக்ககால வண்டிகளில் பெட்ரோல் இயந்திரம் இருந்தது. 1960களில் வந்த எம்35ஏ1, எம்35ஏ2 ஆகிய வகைகளில் டீசல் உள்ளிட்ட பல எரிபொருள்களில் இயங்கும் இயந்திரம் பொருத்தப்பட்டது. 1990களில் ஒரு பகுதி வண்டிகள் புதிய டீசல் இயந்திரம், தானியங்கிக் கியர்பெட்டி ஆகியவற்றுடன் எம்35ஏ3 என மறுகட்டுமானம் செய்யப்பட்டன. இத்தனை மாற்றங்களுக்கு இடையிலும் ஓட்டுநர் அறையின் அடிப்படை வடிவம் பெரிதாக மாறவில்லை. எனவே ஒரு வண்டியின் உதிரிப் பாகத்தை வேறோர் ஆண்டு வண்டியில் பொருத்துவது எளிது. பாகங்கள் கிடைப்பதற்கு இது நன்மை. ஆனால் பணிக்காலத்திலேயே பாகங்கள் கலந்துவிட்டதால், எந்தப் பாகம் எந்த வண்டிக்கு உரியது என்று கண்டறிவது கடினமாகிறது.

ஓட்டுநர் அறையின் அமைப்பு

எம்35 வண்டியின் ஓட்டுநர் அறை, புள்ளிப் பற்றவைப்பால் இணைக்கப்பட்ட எஃகுத் தகடுகளால் ஆனது. அதன் முக்கியப் பகுதிகள் வருமாறு:

* தளம்: வண்ணம் பூசிய வெறும் எஃகுத் தகடு. கியர்பெட்டிக்கு மேலுள்ள பகுதி கழற்றி மாட்டத்தக்க தனித் தகடாக உள்ளது.
* முன்கண்ணாடி: இரண்டு தட்டையான கண்ணாடிகள் கொண்ட சட்டகம். ஒவ்வொரு கண்ணாடியையும் காற்றுக்காக வெளிப்பக்கம் தள்ளித் திறக்கலாம். முழுச் சட்டகத்தையும் இயந்திர மூடியின் மேல் மடக்கிப் படுக்க வைக்கலாம்.
* கூரை: வளைந்த எஃகுக் குழாய்களின் மேல் விரிக்கப்படும் கித்தான். குளிர்ப் பகுதிகளுக்கென உலோகக் கூரையும் உண்டு.
* இருக்கைகள்: ஓட்டுநருக்குத் தனி இருக்கை, அருகில் இருவர் அமரத்தக்க அகன்ற இருக்கை.
* கருவிப் பலகை: வேகமானி, இயந்திரச் சுற்றுமானி, எரிபொருள் மானி, எண்ணெய் அழுத்தமானி, நீர் வெப்பமானி, மின்கல மானி, காற்றழுத்தமானி ஆகியன.
* கட்டுப்பாடுகள்: கிளட்ச், பிரேக், முடுக்கி ஆகிய மிதிகள், கியர் நெம்பு, உயர்வேகம், குறைவேகம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கும் துணைக் கியர்பெட்டி நெம்பு, கைப்பிரேக், கையால் இழுக்கும் முடுக்கிக் குமிழ்.

இவ்வண்டியை இயக்கச் சாவி தேவையில்லை. ஒரு சுவிட்சைத் திருப்பி, தொடக்கப் பொத்தானை அழுத்தினால் இயந்திரம் இயங்கும். பல்லெரிபொருள் இயந்திரத்தை நிறுத்த, எரிபொருளைத் துண்டிக்கும் ஒரு கைப்பிடியை இழுக்க வேண்டும். விளக்குகளுக்கு மூன்று நெம்புகள் கொண்ட சுவிட்ச் உண்டு. அவற்றுள் ஒன்று பூட்டு நெம்பு. அதை விடுவித்தால் ஒழிய வழக்கமான விளக்குகளை எரியவிட முடியாது. இருளில் மறைந்து செல்லும்போது ஓட்டுநர் தவறுதலாக முகப்பு விளக்கைப் போட்டு எதிரிக்கு இடத்தைக் காட்டிவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். இத்தகைய சுவிட்சை நீக்கிவிட்டுச் சாதாரணச் சுவிட்சைப் பொருத்தினால் விளக்கு எரியும். ஆனால் அவ்வண்டி எத்தகைய சூழலுக்காகச் செய்யப்பட்டது என்பதைக் காட்டும் சான்று போய்விடும்.

காலகட்டத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு படைத்துறைச் சரக்குந்து இருபது, முப்பது ஆண்டுகள் பணியில் இருந்திருக்கும். அக்காலத்தில் அது பலமுறை வண்ணம் பூசப்பட்டு, படைப் பணிமனைகளில் மறுகட்டுமானம் செய்யப்பட்டு, பிரிவு விட்டுப் பிரிவு மாறியிருக்கும். ஆகவே "முதல்நிலைக்கு மீளமைத்தல்" என்னும் சொற்றொடர் தெளிவற்றது. தொழிற்சாலையில் இருந்து வெளிவந்த நாளா, வெளிநாட்டுப் போர்முனையில் இருந்த ஆண்டா, படையில் இருந்து கழிக்கப்பட்ட நாளா என்பதைப் பணி தொடங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

வண்ண அடுக்குகள் இதற்கு உதவுகின்றன. தொடக்கத்தில் ஆலிவ் பச்சை பூசப்பட்டது. 1970களில் நான்கு நிறங்கள் கொண்ட உருமறைப்பு முறை வந்தது. 1980களில் வேதிப்போர்ப் பொருள்களை உறிஞ்சாத பூச்சும், பச்சை, பழுப்பு, கறுப்பு ஆகிய மூன்று நிற முறையும் வந்தன. உருமறைப்பு வெளிப்புறத்துக்கானது என்பதால் அறையின் உட்புறம் பொதுவாக ஒரே நிறத்தில் விடப்பட்டது. இதன் விளைவாகக் கருவிப் பலகையின் பின்புறம், கதவின் உட்பகுதி, இருக்கைச் சட்டத்தின் அடி ஆகிய மறைவான இடங்களில் மிகப் பழைய பூச்சு தப்பியிருக்கும். நுண்ணிய உப்புத்தாளால் ஒரு சிறு வட்டத்தை ஈரமாக, சாய்வாகத் தேய்த்தால் அடுக்குகள் மரத்தின் ஆண்டு வளையங்கள் போல ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். இவ்வட்டத்தைப் படம் எடுத்து, நிறங்களை வரிசையாகக் குறித்து வைப்பர்.

நிறங்களைக் குறிக்க 1956இல் வெளியான "ஃபெடரல் ஸ்டாண்டர்டு 595" என்னும் நிறத் தொகுதி பயன்பட்டது. இதில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஐந்து இலக்க எண் உண்டு. முதல் இலக்கம் பளபளப்பையும் (1 - பளபளப்பு, 2 - அரைப் பளபளப்பு, 3 - மங்கல்), இரண்டாம் இலக்கம் நிறக் குழுவையும் குறிக்கும். எடுத்துக்காட்டாக 24087 என்பது அரைப் பளபளப்பான ஆலிவ் பச்சை. 34087 என்பது அதன் மங்கல் வடிவம். இத்தொகுதி 2017இல் விலக்கப்பட்டு, அதன் இடத்தில் ஏஎம்எஸ் 595 என்னும் தரநிலை வந்தது. எனினும் எண்கள் தொடர்ந்து வழங்குகின்றன.

துளைகளும் தழும்புகளும்

தளத்திலும் கதவிலும் காணப்படும் தேவையற்ற துளைகளை அடைத்துவிடுவது மீளமைப்போர் வழக்கம். ஆனால் துளைகளும் சான்றுகளே. வானொலிக் கருவி, ஆயுதத் தாங்கி, சூடேற்றி, கூடுதல் கவசம் ஆகியவை எங்கே பொருத்தப்பட்டிருந்தன என்பதை அவை காட்டக்கூடும்.

வியட்நாம் போர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும். 1967 செப்டம்பர் 2ஆம் நாள், ஆன் கே - பிளெய்க்கு நகரங்களை இணைக்கும் 19ஆம் எண் நெடுஞ்சாலையில் அமெரிக்க வாகனத் தொடர் ஒன்று பதுங்கித் தாக்கப்பட்டது. அதன்பின் போக்குவரத்துப் பிரிவினர் தம் சரக்குந்துகள் சிலவற்றில் இயந்திரத் துப்பாக்கிகளைப் பொருத்திக் காவல் வண்டிகளாக மாற்றினர். முதலில் இரண்டரை டன் வண்டிகளில் மணல் மூட்டைகளும், பின்னர் எஃகுத் தகடுகளும் கவசமாக வைக்கப்பட்டன. எடை தாங்காததால் பிறகு ஐந்து டன் வண்டிகள் விரும்பப்பட்டன. இவ்வாறு மாற்றப்பட்ட வண்டிகளுள் "ஈவ் ஆஃப் டிஸ்ட்ரக்ஷன்" என்னும் ஐந்து டன் வண்டி அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, வர்ஜீனியாவின் ஃபோர்ட் யூஸ்டிஸில் உள்ள தரைப்படைப் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. பெரும்பாலான காவல் வண்டிகளின் கவசம் கழற்றப்பட்டு, அவை மீண்டும் சாதாரணச் சரக்குந்துகளாகின. அத்தகைய வண்டி ஒன்றில் எஞ்சக்கூடிய அடையாளம், கதவிலோ தளத்திலோ உள்ள சில துளைகள் மட்டுமாக இருக்கலாம். அவற்றைப் பற்றவைத்துத் தேய்த்துவிட்டால் அவ்வண்டியின் கதையை மீட்க வேறு வழி இராது.

ஆகையால் ஒவ்வொரு துளையையும் அளந்து, படம் எடுத்த பின்னரே அடைப்பது நல்ல நடைமுறை ஆகும். தண்ணீர் புகாத இடமாயின் அடைக்காமலேயே விடலாம்.

பாதுகாப்பு முன்னெச்சரிக்கைகள்

பழைய ஓட்டுநர் அறையில் நலத்துக்குத் தீங்கான பொருள்கள் இருக்கக்கூடும். அவற்றுள் முக்கியமானவை:

* ரேடியம்: 1970க்கு முன் செய்யப்பட்ட படைத்துறை மானிகள் சிலவற்றில், இருளில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த பூச்சு பயன்படுத்தப்பட்டது. ரேடியம்-226 இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். ஒளியைத் தரும் துத்தநாக சல்ஃபைடு சில பத்தாண்டுகளில் சிதைந்துவிடுவதால், ஒளிராத மானி பாதுகாப்பானது என்று கருதுவது தவறு. ஒளி நின்ற பின்னும் கதிரியக்கம் அப்படியே இருக்கும். கதிரியக்க அளவியால் சோதிக்காமல் பழைய மானியைத் திறக்கவோ முகப்பைச் சுரண்டவோ கூடாது. உதிரும் தூளை உட்கொள்வதும் சுவாசிப்பதுமே பெரிய ஆபத்து.
* ஈயமும் குரோமேட்டும்: பழைய அடிப்பூச்சுகளிலும் மேற்பூச்சுகளிலும் இவை இருக்கலாம். உலர்நிலையில் தேய்த்தால் நச்சுத் தூசி பறக்கும். ஈரமாகத் தேய்த்தல், தகுந்த முகமூடி, தூசியைத் தனியே சேர்த்து அகற்றுதல் ஆகியன தேவை.
* ஐசோசயனேட்டு: வேதிப்பொருள் தாங்கும் பூச்சுகளும் இரு கூறு பாலியூரித்தேன் பூச்சுகளும் தெளிக்கப்படும்போது இது காற்றில் கலக்கும். இது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடி இன்றி இவற்றைத் தெளிக்கக் கூடாது.
* கல்நார்: பழைய வெப்பத் தடுப்பு அட்டைகள், கிளட்ச் மற்றும் பிரேக் பட்டைகள் ஆகியவற்றில் இருக்கலாம்.

தகட்டு வேலை

துருவுக்கு முதற்காரணம் தேங்கும் நீர். கித்தான் கூரையின் தையல்கள், முன்கண்ணாடிச் சட்டகத்தின் அடியிலுள்ள ரப்பர் பட்டை ஆகியவற்றின் வழியே நீர் புகும். அது தளத்தின் முன்மூலைகளிலும், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இணைப்புகளிலும் தங்கும். கண்ணிவெடியின் தாக்கத்தைக் குறைக்கத் தளத்தில் மணல் மூட்டைகளை அடுக்கும் வழக்கம் வியட்நாமில் இருந்தது. ஈர மணலும் துருவைத் தூண்டும். பிற்காலத்தில் தனியார் உரிமையாளர்கள் விரித்த கம்பளங்களும் இதே தீங்கைச் செய்கின்றன. துரு, தான் உருவாகக் காரணமான இரும்பைவிடப் பல மடங்கு பருமன் கொண்டது. எனவே இரு தகடுகளுக்கு இடையில் தோன்றும் துரு அவற்றை விலக்கிப் பிளக்கிறது. மேலே சிறு கொப்புளமாகத் தெரிவது அடியில் உள்ளங்கை அளவு ஓட்டையாக இருக்கக்கூடும்.

பணியின் வரிசை பொதுவாகப் பின்வருமாறு அமையும்:

1. சிறு சுத்தியலால் தகட்டைத் தட்டிப் பார்த்தல். நல்ல தகடு கணீரென ஒலிக்கும். அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும்.
2. மேலோட்டமான துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கி, பாசுபாரிக் அமிலம் கலந்த கரைசலைப் பூசுதல். இது இரும்பு ஆக்சைடை இரும்பு பாசுபேட்டாக மாற்றுகிறது.
3. ஓட்டை விழுந்த பகுதியை நல்ல தகடு வரை வெட்டி எடுத்தல். புள்ளிப் பற்றவைப்புகளை அதற்கென உள்ள துளைக்கருவியால் மேல் தகட்டில் மட்டும் வெட்டினால் அடித்தகடு தப்பும்.
4. அதே கனமுள்ள தகட்டில் ஒட்டுத் துண்டு செய்தல். மூலத் தகட்டின் கனத்தை ஓரத்தில் அளந்து கொள்ள வேண்டும். மெல்லிய தகடு அதிரும். தடித்த தகடு அருகிலுள்ள பழைய தகட்டைக் கிழிக்கும்.
5. தொடர்ச்சியாக அன்றி, இடம் மாற்றி மாற்றிச் சிறு புள்ளிகளாகப் பற்றவைத்தல். ஒரே இடத்தில் வெப்பம் சேர்ந்தால் தகடு நெளியும்.
6. இணைப்புகளில் துத்தநாக அடிப்பூச்சும், பின்னர் நீர்புகா அடைபொருளும் இடுதல்.

மணல் வீச்சு விரைவான முறையாயினும், அகன்ற மெல்லிய தகடுகளை அது நெளியச் செய்யும். மணல் துகள்கள் மூடிய அறைகளில் தங்கி, பின்னர் ஈரத்தைப் பிடித்து வைக்கும். சிலிக்கா தூசி நுரையீரலுக்கும் கேடு. துரு விட்ட தளத்தில் ஓட்டையைக் கண்ணாடியிழையாலும் மெழுகாலும் மூடுவது தற்காலிகத் தோற்றத்தையே தரும். ஓட்டுநரின் இருக்கை இத்தளத்திலேயே பொருத்தப்பட்டுள்ளதால் அது ஆபத்தானதும் ஆகும்.

பிரேக் நீர்மமும் வண்ணமும்

எம்35 வண்டியில் பிரேக்கின் முதன்மை உருளை ஓட்டுநரின் காலடித் தளத்துக்குக் கீழே உள்ளது. தளத்தில் உள்ள சிறு மூடியைத் திறந்து அதில் நீர்மம் ஊற்றுவர். ஊற்றும்போது சிந்துவது இயல்பு. பழைய கிளைக்கால் வகை நீர்மம் வண்ணத்தை உரித்து எஃகை வெளிக்காட்டும். துரு அங்கிருந்து தொடங்கும். 1980களில் தரைப்படை சிலிக்கோன் வகை நீர்மத்துக்கு மாறியது. அது வண்ணத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் அதன் மெல்லிய படலம் தகட்டில் இருந்தால் புதிய வண்ணம் ஒட்டாமல் மீன்கண் போன்ற சிறு குழிகள் விழும். எனவே அப்பகுதியைத் தேய்க்கும் முன்பே கரைப்பானால் பலமுறை, ஒவ்வொரு முறையும் புதிய துணி கொண்டு துடைக்க வேண்டும். தேய்த்த பின் துடைத்தால், தேய்ப்பின் கீறல்களுக்குள் சிலிக்கோன் பதிந்துவிடும்.

மின்கம்பிகளும் மானிகளும்

இவ்வண்டியில் இரு 12 வோல்ட் மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டு 24 வோல்ட் பெறப்படுகிறது. இணைப்பிகள் ரப்பர் உறையுடன் நீர் புகாதவாறு அமைந்தவை. ஒவ்வொரு கம்பியிலும் அதன் சுற்றைக் குறிக்கும் எண் பொறித்த பட்டை இருக்கும். இவ்வெண்கள் அமெரிக்கப் படை வண்டிகள் பலவற்றுக்கும் பொதுவானவை. கம்பிகளைக் கழற்றும்போது இப்பட்டைகளைத் தொலைத்துவிட்டால், நூற்றுக்கணக்கான முனைகளை மீண்டும் ஒவ்வொன்றாகச் சோதித்தறிய நேரும்.

மானிகளைத் தாங்கும் பலகை, கால் சுற்றுத் திருப்பில் கழலும் சில தாழ்களால் பொருத்தப்பட்டுள்ளது. போர்க்களத்தில் விரைந்து மாற்றுவதற்காக இவ்வாறு அமைக்கப்பட்டது. மீளமைப்புக்குப் பின் மானிகள் தவறாகக் காட்டுவதாகப் புகார் எழுவது வழக்கம். பல வேளைகளில் மானி பழுதாவதில்லை. மின்மானிகளின் உறை, பலகையின் வழியே வண்டிச் சட்டத்தோடு மின்தொடர்பு கொண்டிருக்க வேண்டும். பலகை முழுவதும் புதிதாக வண்ணம் பூசினால் அத்தொடர்பு துண்டிக்கப்படுகிறது. மானி அமரும் விளிம்பிலும் தாழ்களின் அடியிலும் சிறிது வண்ணத்தைச் சுரண்டி நீக்குவதே தீர்வு ஆகும்.

வானொலிப் பெட்டி, கைப்பேசி மின்னேற்றி போன்ற 12 வோல்ட் கருவிகளை இரு மின்கலங்களுள் ஒன்றில் மட்டும் இணைப்பது மற்றொரு பொதுத் தவறு. அவ்வாறு செய்தால் ஒரு மின்கலம் குறைவாகவும் மற்றது மிகையாகவும் மின்னேற்றம் பெற்று, இரண்டும் விரைவில் பழுதாகும். இதற்கு மின்னழுத்த மாற்றியைப் பயன்படுத்த வேண்டும்.

முன்கண்ணாடித் துடைப்பான்கள் எம்35ஏ2 வண்டியில் அழுத்தக் காற்றால் இயங்குகின்றன. பிரேக்கின் உதவிவிசைக்கும் அதே காற்றே பயன்படுகிறது. எனவே துடைப்பானின் முதிர்ந்த ரப்பர்க் குழாயில் ஏற்படும் கசிவு சிறிய குறையாகத் தோன்றினாலும், அது பிரேக்கின் காற்றுச் சேமிப்பைக் குறைக்கக்கூடியது. அறையில் உள்ள காற்றழுத்தமானியும், அழுத்தம் குறையும்போது ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவியும் அலங்காரப் பொருள்கள் அல்ல. அவற்றைச் சோதிக்காமல் வண்டியைச் சாலைக்கு எடுக்கக் கூடாது.

இருக்கைகளும் கித்தானும்

இருக்கை உறைகளும் கூரையும் தடித்த பருத்திக் கித்தானால் ஆனவை. பிற்காலத்தில் வினைல் பூசிய துணியும் பயன்பட்டது. பருத்தி இழை நனைந்தால் பருத்துத் தையல் துளைகளை அடைக்கும் என்பதால் பழைய கித்தான், தையலிலும் ஓரளவு நீரைத் தடுக்கும். செயற்கை இழைத் துணிக்கு இப்பண்பு இல்லை. அதன் தையல்களுக்குத் தனியே அடைபொருள் இட வேண்டும்.

பழைய உறையைப் பிரிக்கும்போது கிழிக்காமல் தையலை மட்டும் வெட்டி எடுத்தால், அத்துண்டுகளே புதிய உறைக்கு வெட்டு மாதிரி ஆகும். ஓரத் தையலுக்கு விடப்பட்ட அளவு, ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல், நூலின் பருமன் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். இருக்கையின் சுருள்வில்களை மாற்றாமல், உடைந்தவற்றை மட்டும் நீக்கிச் சேர்ப்பது போதுமானது. உறைக்கும் சுருள்வில்லுக்கும் இடையே தடித்த துணி இல்லையெனில் புதிய திணிப்பை வில் அறுத்துவிடும்.

தகவல் தகடுகள்

கருவிப் பலகையில் வண்டியின் அடையாள எண், தயாரிப்பாளர், கியர் மாற்றும் முறை, ஒவ்வொரு கியருக்கும் உரிய உச்ச வேகம், பராமரிப்புக் குறிப்புகள் ஆகியவற்றைத் தாங்கிய சிறு தகடுகள் உள்ளன. பார்ப்பதற்குப் புதியவை போன்ற படிகள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. எனினும் அடையாளத் தகடு அவ்வண்டியின் பிறப்புச் சான்றிதழ் போன்றது. அதில் படைப் பணிமனைகள் பின்னர் பொறித்த எண்களும் இருக்கலாம். ஆகவே மூலத் தகட்டைக் கழற்றாமல், சுற்றிலும் ஒட்டுநாடா இட்டு வண்ணத்தில் இருந்து காப்பதே சிறந்தது. வண்ணம் மூடிய தகட்டைத் தேய்க்காமல், மென்மையான வண்ண நீக்கியால் சிறிது சிறிதாகத் துடைத்து எழுத்துகளை வெளிக்கொணரலாம். வேறொரு வண்டியின் அடையாளத் தகட்டைப் பொருத்துவது வரலாற்றைப் பொய்யாக்குவதாகும். பல நாடுகளில் அது குற்றமும் ஆகும்.

கருத்து வேறுபாடுகள்

மீளமைப்போரிடையே இரு போக்குகள் உள்ளன. முதல் போக்கினர், தொழிற்சாலையில் இருந்து வந்த நாளில் இருந்ததுபோல் ஒவ்வொரு திருகும் அமைய வேண்டும் என்பர். மற்றவர், தேய்ந்த மிதியும் மங்கிய எழுத்தும் அவ்வண்டியில் பணிபுரிந்தோரின் கைத்தடம், கால்தடம் என்பதால் அவற்றை அப்படியே காக்க வேண்டும் என்பர். பன்னாட்டுப் பழம்பெரும் வாகனக் கூட்டமைப்பு 2012இல் ஏற்ற துரின் சாசனம் இரண்டாம் போக்குக்கு நெருக்கமானது. மூலப் பொருளை இயன்றவரை காத்தல், தலையீட்டைக் குறைத்தல், செய்த மாற்றங்களை ஆவணப்படுத்தல் ஆகியவற்றை அது வலியுறுத்துகிறது. ஐக்கிய அமெரிக்காவில் 1976இல் தொடங்கப்பட்ட படைத்துறை வாகனப் பாதுகாப்புச் சங்கம் இத்துறை ஆர்வலர்களின் முக்கிய அமைப்பு ஆகும்.

பாதுகாப்பு தொடர்பான மாற்றங்களில் இவ்வேறுபாடு கூர்மையடைகிறது. தொடக்ககால எம்35 வண்டிகளில் இருக்கைப் பட்டைகள் கிடையாது. பட்டை பொருத்தினால் காலகட்டத் தோற்றம் குலையும். பொருத்தாவிடில் விபத்தில் உயிர் போகலாம். தளத்தகட்டில் மட்டும் போல்ட் இட்ட பட்டை, விபத்தின்போது தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும் என்பதால், அடியில் அகன்ற வலுவூட்டுத் தகடு தேவை. அதேபோல் இவ்வறை மிகுந்த இரைச்சல் உடையது. ஒலித்தடுப்புப் பாய்கள் செவியைக் காக்கும். ஆனால் தளத்தோடு ஒட்டப்பட்டால் ஈரத்தைப் பிடித்துத் துருவை வளர்க்கும். செவிக்காப்பு அணிவது இரண்டுக்கும் பொதுவான எளிய வழி ஆகும்.

பெரும்பாலோர் ஏற்கும் நடைமுறை, புதிதாகச் சேர்ப்பவை பின்னர் தடயமின்றி நீக்கத்தக்கனவாக இருக்க வேண்டும் என்பதே. ஏற்கெனவே உள்ள துளைகளைப் பயன்படுத்துதல், புதிய ஒட்டுத் தகட்டின் மறைவுப் பக்கத்தில் ஆண்டைப் பொறித்தல், கழற்றிய பழைய பாகங்களைப் பெயரிட்டு ஒரு பெட்டியில் வண்டியோடு வைத்தல், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை அதனுடன் சேர்த்தல் ஆகியன இதன் வழிகள். அடுத்த உரிமையாளர் அப்பெட்டியைத் திறந்து, எது படைக்காலத்தது, எது பிற்காலத்தது என்று பிரித்தறிய முடியும்.

இவற்றையும் பார்க்க

* சரக்குந்து
* துரு
* உருமறைப்பு
* ரேடியம்
* வியட்நாம் போர்